அண்ணைக்கு, சோலைவரிச் சீட்டுகள் பற்றி

அண்ணை,

வீட்டுக்கும் கடைக்கும் கட்டுகிற சோலைவரியை ஒழிப்பேன் என்று நீங்கள் நின்ற பிரதேச சபைத் தேர்தலில் வாக்குப் போட்டு, வருகிற மே 6ஆம் திகதியோடு ஒரு வருஷம். நீங்கள் என்னோடு கதைக்காமல் விட்டதும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம்தான். போன் எடுத்தால் மச்சாள்தான் எடுக்கிறார். "அவர் வெளியில்" என்கிறார். காலையிலும் அதுதான், இரவு எட்டரைக்கும் அதுதான். உங்கள் படலையில் நின்று கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் மகன் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவான்.

ஊரில் கதைப்பது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். இவர் காசு வாங்கிக்கொண்டு என் வாக்கை மாற்றிவிட்டாராம். அது பொய். எங்களுக்கு யாரும் ஒரு சதமும் தரவில்லை. இவர் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. என்னுடையதை மட்டும் சொல்கிறேன். நான் உங்களுக்குப் போடவில்லை. 2025 மே 6, செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறமுதல் போய்விட்டேன். சீட்டை விரித்துவைத்து உங்கள் சின்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வேறொன்றுக்குப் புள்ளடி போட்டேன். எது என்று எழுதமாட்டேன். வாசிக்கிறவர்களில் நம் ஊர்க்காரர் நிறைய. உங்களை எதிர்த்துக் கேட்ட அந்தப் பிள்ளையும் இந்த ஊரில்தான் இருக்கவேண்டும்.

நான் மன்னிப்புக் கேட்கவேண்டியது அந்தப் புள்ளடிக்கு அல்ல. கடைசிக் கிழமை வரை உங்கள் துண்டுப்பிரசுரத்தை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கொடுத்தேனே, அதற்கு. உங்களோடு வந்த பொடியன்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "அண்ணை வெல்லுவார்" என்று வாயால் சொன்னேன். சொல்லும்போதே மனது வேறு பக்கம் போய்விட்டது. அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விட்டது பிழை, மன்னியுங்கள்.

ஆனால் நீங்களும் என்னைக் கேட்கவில்லை அண்ணை. பட்டியலில் பெண்கள் 25 வீதம் வேண்டும், பெயரை மட்டும் தா என்றுதான் கேட்டீர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பதினான்கு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். சோலைவரியைப் பற்றி என்ன நினைக்கிறாய் பிள்ளை என்று ஒரு தரம் கேட்டிருந்தால் இவ்வளவும் வந்திராது. உங்களுக்குப் பெயர்தான் தேவைப்பட்டது.

பதினொரு வாக்கில் தோற்றீர்கள். என்னுடையது விழுந்திருந்தாலும் பத்துக் குறை. இந்தக் கணக்கை எத்தனையோ இரவு போட்டுப் பார்த்துவிட்டேன். போட்டுப் பார்ப்பதே வெட்கமாக இருக்கிறது.

மூன்று பேர் எங்கள் முற்றத்துக்கு வந்தீர்கள். மூன்று பேரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். எங்கள் ஒழுங்கைக்குத் தெருவிளக்கு வேண்டும், காசு எங்கிருந்து வரும்? பெரிய கட்சிக்காரர் மேலிடத்தில் கதைத்து எடுத்துத் தருவேன் என்றார். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, தேர்தலும் வைக்காமல், இரண்டு வருஷம் செயலாளர்கள் தனியாக நடத்தினார்கள். அந்த இரண்டு வருஷமும் அவருக்கு மேலிடம் இருந்ததுதானே. நீங்கள், வரியை ஒழித்துவிட்டு வேறு வழி பார்ப்போம் என்றீர்கள். எந்த வழி என்று கேட்டேன். "வென்ற பிறகு பார்ப்பம்" என்றீர்கள்.

அந்தப் பிள்ளை மட்டும் ஒரு கொப்பி வைத்திருந்தாள். சபையின் பாதீட்டு வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது போய் இருந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். சம்பளத்துக்குப் பெரும்பகுதி அரசாங்கத்திலிருந்து வருகிறது. நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரைத் தீர்வையும் மாகாணத்தின் வழியாகச் சுற்றி வருகின்றன, எப்போது வரும் என்று சொல்லமுடியாது. சபை தன் கையால் எடுப்பது சந்தைக் குத்தகை, கடை வாடகை, வியாபார அனுமதிக் கட்டணம், சோலைவரி. இவ்வளவும்தான். குப்பை ஏற்றுகிற உழவு மிஷினுக்கு டீசல், கோடையில் தண்ணீர் பவுசர், விளக்குக் கம்பத்துக் குமிழ் எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வரவேண்டும். விளக்குப் போடுவேன் என்று அவள் சொல்லவில்லை. "கடைக்காரரின் வரியைத் திரும்ப மதிப்பிட்டால் இரண்டாம் வருஷம் போடலாம் அக்கா" என்றாள். அவளும் வெல்லவில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

அவள் போன பிறகு நான் அடுப்படிக்குப் போகாமல் திண்ணையிலேயே இருந்தேன். எனக்கு ஐயா புதைத்துவைத்த அந்தப் பால்மாப் பேணி நினைவுக்கு வந்தது.

2010இல் வளவைப் பார்க்க விட்ட முதல் நாள். வீடு இல்லை. கிணற்றுக்கட்டும் கடைப்பக்கத்துப் படி ஒன்றும் நின்றன. பூவரசு எரிந்து, அடியிலிருந்து மறுபடி துளிர்த்திருந்தது. மிதிவெடி எடுத்துவிட்டோம் என்று சொல்லித்தான் விட்டார்கள். ஆனாலும் பக்கத்து வளவில் சிவப்புப் பலகை இருந்தது. நீங்கள் என்னை ஒழுங்கையிலேயே நிற்கச் சொன்னீர்கள். "நான் கூப்பிடும்வரை ஒரு அடி வைக்கக்கூடாது" என்றீர்கள். கிணற்றுக்கட்டிலிருந்து பூவரசுப் பக்கம் ஏழு அடி. ஐயா அதை உங்களுக்கு எங்கே வைத்துச் சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. மண்வெட்டி போடப் பயந்து, கறிக்கத்தியால் மண்ணைச் சுரண்டினீர்கள். ஒவ்வொரு பிடியாக எடுத்து ஓரமாக வைத்தீர்கள். அரை மணி நேரம் இருக்கும். எனக்கு உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. சேர்ட் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது.

பிறகு கூப்பிட்டீர்கள். வந்த வழியிலேயே, உங்கள் கால் தடத்தில் கால் வைத்து வந்தேன்.

பேணி துருப்பிடித்து மூடியோடு சேர்ந்துவிட்டது. கத்தியால் கிழித்தோம். மேலே இருந்த காணி அனுமதிப்பத்திரம் தண்ணீர் ஊறி, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. நான் அழத் தொடங்கிவிட்டேன். நீங்கள் அழவில்லை. அடியில் உரப்பைக்குள் இறுக்கமாய்ச் சுற்றி ஒரு கட்டு இருந்தது. சணல் கயிற்றால் ஐயா போடுகிற இரட்டை முடிச்சு. உள்ளே சோலைவரிப் பற்றுச்சீட்டுகள். சந்தியில் கடையும் வீடும் ஒன்றாக இருந்தபடியால் ஐயா கட்டிய சீட்டுகள், வருஷ வாரியாக. நீங்கள் அவற்றைக் கிணற்றுக்கட்டில் ஒவ்வொன்றாக விரித்து, காற்றுக்குப் பறக்காமல் சின்னச் சின்னக் கல் வைத்தீர்கள். திகதிகளைப் பார்த்தீர்கள். எல்லாம் ஜனவரி. முழு வருஷத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் பத்து வீதம் கழிப்பார்கள் என்று ஐயா தைப்பொங்கலுக்கே அந்தக் காசை ஒதுக்கிவைப்பார். "ஐயா ஒருக்காலும் பிந்தேல்லை பிள்ளை" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் குரல் உடைந்தது.

அந்தச் சீட்டு காணி உறுதி ஆகாது. அது இருவருக்கும் அன்றைக்கே தெரியும். ஆனால் பிரதேச செயலகத்தில் காணி விசாரணைக்குப் போனபோது நாங்கள் மேசையில் வைக்க வேறு என்ன இருந்தது? இந்த இடத்தில் இந்தப் பெயரில் ஒரு மனிதர் இருந்தார், வருஷா வருஷம் வரி கட்டினார் என்பதற்கு அது மட்டும்தான் சாட்சி. அவரே வந்து சொல்ல இல்லையே.

அப்படிப்பட்ட நீங்கள் சனசமூக நிலையத்துக் கூட்டத்தில், "என்ரை ஐயாவையும் ஏமாத்திப் பறிச்ச வரி" என்று மைக்கில் சொன்னீர்கள். கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அண்ணை, ஐயாவை யாரும் ஏமாற்றவில்லை. சீட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கைதட்டலுக்காக அவரை ஏமாளி ஆக்கினீர்கள். நான் மனதை மாற்றியது அந்த இடத்தில்தான்.

வரி சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இதை உங்களோடு இருந்து கதைக்க ஆசைப்பட்டேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருக்கிற கணக்கு இதுதான்: கட்டடத்தை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து அதை ஆண்டுப் பெறுமதி என்று வைத்து, அதில் ஒரு வீதத்தை அறவிடுவது. எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள்? இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் கிடைத்து, அது போதாமல் நகையை அடைவு வைத்துக் கூரை போட்ட வீடுகள். தனியப் பிள்ளைகளை வளர்க்கிற பெண்களின் வீடு எத்தனை என்று சங்கப் பதிவேட்டில் பெயரோடு என்னிடம் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு வராத வாடகையை மனதால் நினைத்துப் பெறுமதி போடுகிறார்கள். அதே நேரம் ஏ9 வீதியோரம் மாடி வைத்துக் கட்டியவை, பழைய பதிவேட்டில் இன்னமும் தகரக்கொட்டிலாக இருக்கின்றன. பெரிய வளவுகள் சில எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

இதைத் திருத்தவேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்காக நான் தெருத்தெருவாய் நடந்திருப்பேன். எல்லாக் கட்டடத்தையும் புதிதாக மதிப்பிடு, சந்தியில் உழைக்கிறவன் கூடக் கட்டட்டும், ஒழுங்கையில் இருக்கிறவளுக்குக் குறை என்று கேட்டிருக்கலாம். அறிவித்தல் வந்தால் ஆண்டுப் பெறுமதியை எழுத்தில் ஆட்சேபிக்கலாம் என்று சனத்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஒழிப்போம் என்பது சுகம். ஒழித்தால் அதிகம் மிஞ்சுவது மாடி வைத்தவனுக்குத்தான்.

ஐ.எம்.எஃப். கேட்ட வரி இதுதான் என்றும் கூட்டத்தில் சொன்னீர்கள். அதுவும் சரியில்லை. 2023 மார்ச்சில் 300 கோடி டொலர் உடன்படிக்கை வந்த பிறகு, நாடு முழுவதற்கும் ஒரு சொத்துவரி என்று கதைத்தார்கள். காணி, கட்டட வரி 13ஆவது திருத்தத்தில் மாகாணத்தின் பட்டியலில் இருப்பதால் அதை விட்டு, வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய வாடகையை வருமானமாகக் கணித்து வரி போடும் யோசனைக்கு மாறினார்கள். 2025 ஏப்ரலில் வரும் என்றார்கள், தள்ளிப்போட்டுவிட்டார்கள். சோலைவரி அதற்கெல்லாம் எவ்வளவோ முந்தியது. இதை அந்தப் பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினாள். நீங்கள் விளங்கப்படுத்தியிருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, அரசியலை விடுவோம்.

மகளின் சாமத்திய வீட்டுக்கு நீங்கள் வரவில்லை. என்னோடு கோபம் என்றால் என்னோடு வைத்திருங்கள். அவள் உங்களுக்கு என்ன செய்தாள்? தாய்மாமன் வந்துதான் பால் அறுகு வைக்கவேண்டும் என்று ஒன்பதரை மணி வரை அவளை இருத்திவைத்தோம். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கடைசியில் இவருடைய ஒன்றுவிட்ட தம்பி தேங்காய் உடைத்தார். அல்பத்தில் அந்தப் படத்தை நான் இன்னும் வைக்கவில்லை. இதை மன்னிக்க எனக்கு நாளாகும் அண்ணை, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பிறகு கார்த்திகையில் டித்வா புயல் வெள்ளம். எங்கள் படலைக்கு முன்னால் உங்கள் உழவு மிஷின் வந்து நின்றது. இடுப்பளவு தண்ணீர். நீங்கள் இறங்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அரிசி மூட்டையை வேலிக் கதியாலில் கட்டிவிட்டுத் திருப்பினீர்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டியிருந்தது இரட்டை முடிச்சு. அவிழ்க்க எனக்கு நேரமெடுத்தது.

மாகாண சபைத் தேர்தல் வரும் என்று திரும்பவும் கதைக்கிறார்கள். எங்கள் வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21இல் முதன்முதல் போட்டோம், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர்தான். வந்தால் நீங்கள் கேட்பீர்கள் என்கிறார்கள். கேளுங்கள். உங்களைப் போல ஊருக்கு இறங்கி நிற்கிற ஆள் இங்கே குறைவு, அதை வெள்ளத்தன்றும் பார்த்தேன். ஆனால் காணி, கட்டட வரி அந்தச் சபையின் பட்டியலில் இருக்கிறது. அதற்கு என்ன செய்வீர்கள் என்று இந்த முறை கூட்டத்தில் எழும்பி நின்று கேட்பேன். முன்வரிசையில் இருப்பேன். சரியான பதில் வந்தால் என் வாக்கு உங்களுக்கு. வராவிட்டால் இல்லை, அதை முன்கூட்டியே வந்து சொல்லுவேன். துண்டுப்பிரசுரம் கொடுக்கமாட்டேன்.

இன்னும் ஒன்று. சந்திக் கடைக்கு நீங்கள் இரண்டு வருஷமாகக் கட்டவில்லை என்று வரி அறவிட வந்த தம்பி சொன்னார். ஜனவரி 29ஆம் திகதி போய் நிலுவையையும் இந்த வருஷத்தையும் கட்டிவிட்டேன். இந்த வருஷத்துக்குப் பத்து வீதம் கழித்தார்கள். சீட்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. ஐயாவின் கட்டோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். பின்னேரங்களில் நான் வீட்டில்தான். மகள்தான் படலை திறப்பாள்.

தங்கச்சி