எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் மனித வாழ்வின் பொருள் பற்றி வந்த ஆன்மிகக் கட்டுரையை வாசித்தேன். விசுவாசம் இருந்தால் நடப்பது ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும், அவிசுவாசிக்குத்தான் எல்லாம் குழப்பம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். மட்டக்களப்பில் கிறிஸ்தவனாக வாழும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரையோரக் கிராமங்களான நாவலடியையும் டச்பாரையும் சுனாமியில் கடல் அள்ளிக்கொண்டு போனது. டச்பாரில் போனவர்களில் பலர் கத்தோலிக்கப் பறங்கியர், ஐரோப்பிய வம்சாவளியினர். மறுவருடம் நத்தார் நள்ளிரவுப் பூசையில், புனித மரியாள் பேராலயத்துக்குள் வைத்தே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலய வளவில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். இவர்களுக்கா விசுவாசம் குறைவு? "எல்லாம் தேவ திட்டம்" என்று செத்தவீட்டில் வந்து சொன்னவர்களையும் இங்கே பார்த்தோம். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்கள்.

வேதாகமமே அப்படி அவசரப்படவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த நீதிமான் யோபுவின் நண்பர்கள் மூவரும் இரவு பகலாக ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல மனிதர்கள்தான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பிழையாகிப் போனது. கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது, அவருக்காக வக்காலத்து வாங்கிய இவர்கள் மேல். யோபுவுக்கோ, ஏன் இப்படி நடந்தது என்று கடைசிவரை சொல்லப்படவேயில்லை. லூக்கா 13ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கூடிய பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொல்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. சிலுவையில் அவரே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் கேட்டார்.

செப்டெம்பர் திருவிழாவுக்கு மட்டக்களப்பில் உள்ள ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நடந்து போகிற சனத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் உண்டு, சைவர்களும் உண்டு. (நான் மெதடிஸ்த சபைக்காரன். மாதா திருவிழாவைப் பற்றி எழுதுவதற்கு எங்கள் போதகர் ஐயா கோபிக்கக்கூடாது.) விளக்கம் கிடைத்துவிட்டதென்றா அவர்கள் அவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? கேள்வியைச் சுமந்துகொண்டுதான் போகிறார்கள். என் கண்ணுக்கு அதுவும் விசுவாசம்தான், சொல்லப்போனால் அதுதான் பாரமான விசுவாசம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுனாமி இயற்கை, சரி. மற்ற இரண்டும் மனிதர் செய்தவை. பேராலயத்துக்குள் நடந்த கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் அசட்டையாக இருந்திருக்கிறார்கள். இதையும் தேவ திட்டக் கணக்கில் எழுதிவிட்டால் அசட்டையாக இருந்தவர்களுக்கு நல்ல வசதி. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் அந்தத் தாக்குதலில் பிள்ளைகளை இழந்த தாய் தகப்பன்மாரும் இத்தனை வருடமாக நீதி கேட்டு நிற்பது விசுவாசக் குறைவாலா?

கட்டுரையின் கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தீர்கள். அடுத்த பகுதியில் கட்டுரையாளர் இதற்குப் பதில் எழுதினால் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரியகல்லாறு.