இசை சிகிச்சை: ராகப் பட்டியலைத் தாண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனந்தபைரவி கேட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், இன்ன ராகம் கேட்டால் சர்க்கரை குறையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை உங்கள் வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பக்கவாதத்தில் பேச்சை இழந்த என் அப்பாவுக்காக இசை சிகிச்சை பற்றித் தமிழில் தேடியபோது எனக்கும் பெரும்பாலும் இவைதான் கிடைத்தன. பயிற்சி பெற்றவர்கள் இணையத்தில் தமிழில் பேசாததால் அந்த இடத்தை ஃபார்வர்டுகள் பிடித்துக்கொண்டன என்பதே என் வருத்தம்.

இசை சிகிச்சை நேற்று முளைத்த துறையும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1944-லேயே இதற்குப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. பிரிட்டனில் பதிவு பெறாத ஒருவர் தன்னை இசை சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். பக்கத்தில் புதுச்சேரியிலேயே, ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில், இதற்கென்று தனி மையமும் முறையான படிப்பும் இருக்கின்றன. எத்தனை பேருக்குத் தெரியும்?

பக்கவாதத்தையே எடுத்துக்கொள்வோம். பொதுவாகப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பாதி. அங்கே அடிபட்டு 'தண்ணி' என்ற ஒரு சொல்லுக்கே திணறுகிறவர், சிறுவயதில் கற்ற பாட்டின் வரியைச் சொற்களோடு பாடிவிடுவதுண்டு. என் அப்பா பாடினார். வீட்டில் எல்லோரும் திகைத்துப் போனோம். இதை அடிப்படையாக வைத்து 1973-ல் அமெரிக்காவில் ஒரு பயிற்சி முறை வந்தது. 'தண்ணி வேணும்' மாதிரி அன்றாடம் தேவைப்படும் சின்ன வாக்கியத்தை, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டே ஸ்வரத்தில், ஏற்ற இறக்கத்தோடு பயிற்சியாளரும் நோயாளியும் சேர்ந்து பாடுவார்கள். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்டிக் கொடுப்பார்கள். வாய் பழகியதும் பயிற்சியாளர் கூடப் பாடுவதை நிறுத்துவார். அப்புறம் மெட்டையும் மெல்லக் குறைத்து வெறும் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். பேச்சுப் பயிற்சியாளர்களும் இதைச் செய்கிறார்கள், இசை சிகிச்சையாளர்களும் செய்கிறார்கள். பிறர் சொல்வது புரிந்து, தனக்குப் பேச வராதவர்களுக்குத்தான் இது பொருந்தும். 2011-ல் தலையில் குண்டு பாய்ந்த, அப்போதைய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டதில் இசை சிகிச்சைக்கும் பங்கு உண்டு. காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுப் போனால் இதெல்லாம் நடக்காது.

இணையத்தின் வலிமையையும் நாம் பார்த்திருக்கிறோம். முதியோர் இல்லத்தில் தலை குனிந்து கிடந்த ஒரு பெரியவர், தனக்குப் பிடித்த பாட்டை ஐபாடில் கேட்டதும் கண் விரிந்து பேசத் தொடங்கும் அமெரிக்கக் காணொளி 2012-ல் உலகம் முழுக்கப் பரவியது. அது சமூகப் பணியாளர் ஒருவர் தொடங்கிய திட்டம், கண்டிப்பாகப் பார்த்தால் இசை சிகிச்சை ஆகாது. ஆனாலும் மறதி நோய் வந்தவர்களுக்குள் இசை உயிரோடு இருக்கிறது என்பதைச் சில நிமிடங்களில் லட்சக்கணக்கானோருக்குப் புரியவைத்தது. அதே போல ஒரு சிகிச்சை அமர்வு எப்படி நடக்கும் என்பதைத் தமிழில் சின்னச் சின்னக் காணொளிகளாக ஏன் போடக் கூடாது? குடும்பத்தின் சம்மதத்தோடு, தேவையானால் முகத்தை மறைத்தே போடலாம். பக்கவாதம், ஆட்டிசம், பார்க்கின்சன் என்று நோய்வாரியாகக் குடும்பங்கள் சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சிகிச்சையாளர் மாதம் ஒருமுறை வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னாலே பெரிய உதவி.

பலன் தெரியாத இடங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. வழக்கமான கவனிப்போடு இசை சிகிச்சையும் பெற்ற குழந்தைகளுக்கு அறிகுறிகளின் தீவிரம் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இசை சிகிச்சைத் துறையில் இருப்பவர்களே முன்னின்று நடத்தி, முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். இந்த நேர்மைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. ராகப் பட்டியலை நம்பி யாராவது ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

மார்ச் 1 உலக இசை சிகிச்சை நாள். அன்று உங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் முறையாகப் பயின்ற சிகிச்சையாளர்கள் எங்கே இருக்கிறார்கள், எந்த நோய்க்குப் பார்க்கிறார்கள் என்று விசாரித்து வெளியிடுங்கள். உங்கள் இணையதளத்திலும் அதை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வையுங்கள். பகிர்வதை எங்களைப் போன்ற குடும்பங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.