மசாஜ் நச்சை நீக்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் மசாஜ் பற்றி வெளியான கட்டுரையை, பல ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுபவன் என்ற முறையில் ஆர்வத்தோடு படித்தேன். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டுதல் என்னும் ஐந்து முறைகளையும் எளிமையாக விளக்கியிருந்தீர்கள். (இவற்றை ‘ஸ்வீடிஷ் மசாஜ்’ என்று சொல்லி, ஸ்வீடனைச் சேர்ந்த பேர் ஹென்ரிக் லிங்கின் கணக்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது; எனினும், இம்முறைகளை வகைப்படுத்திய பெருமை நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கருக்கே உரியது என்பதுதான் பொருத்தம்.)

ஆனால், மசாஜ் செய்தால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலமும் நச்சுகளும் வெளியேறிவிடும் என்று எழுதியிருந்ததை ஏற்க இயலவில்லை. கடும் உடற்பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), யாருடைய கையும் படாமலேயே ஏறத்தாழ 1 மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதை உடலே எரிபொருளாகவும் பயன்படுத்திக்கொள்கிறது. கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கும் வேலை.

மசாஜின் மெய்யான பயனுக்கு இந்த அலங்காரம் தேவையே இல்லை. நாளெல்லாம் கணினிமுன் அமர்ந்திருப்பவரின் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையில் கட்டைவிரலை வைத்தால், முதலில் அவர் தோளைக் காதுவரை தூக்கிக்கொள்வார். அப்போது அழுத்தத்தைக் கூட்டாமலும் கையை எடுக்காமலும், அவர் மூச்சை முழுதாக விடும்வரை பொறுத்திருந்தால், தோள் தானாகவே கீழிறங்குவதை விரலடியில் உணரலாம். தசையை நசுக்கியதால் அது இளகுவதில்லை. நரம்பு மண்டலம் தன் விறைப்பைத் தளர்த்துவதால்தான் இளகுகிறது. விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக நீவும்போது மட்டும் நன்கு தூண்டப்படும் தொடுநரம்புகள் நம் தோலில் உள்ளன. பதற்றம் தணிந்து மனம் அமைதியடைவதில் அவற்றுக்கும் பங்குண்டு. நாள்பட்ட இடுப்புவலிக்கும் மசாஜ் தற்காலிக நிவாரணம் தருகிறது. உயிர்போகும்படி அழுத்தினால்தான் குணமாகும் என்று நம்பி வருவோரிடம், வலி கூடினால் தசை மேலும் இறுகத்தான் செய்யும் என்று விளக்குவதற்கே எனக்குப் பாதி நேரம் போய்விடுகிறது.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்றுதான் என்னை எழுதத் தூண்டியது. நெடுந்தூரப் பயணம் முடித்து வந்த ஒருவர், கெண்டைக்கால் வலிக்கிறது, நன்றாகப் பிடித்துவிடுங்கள் என்று என்னிடம் கேட்டார். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்ததால், கைவைக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அந்தக் காலைப் பிசைந்திருந்தால், உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறித்திருக்கக்கூடும். காய்ச்சல், ஆறாத புண், எலும்பு முறிவு ஆகியவை உள்ளபோது மசாஜைத் தவிர்க்க வேண்டும் என்பதையும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தமான மசாஜ் செய்துகொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்து, அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்