7 பல்புகள் மாற்றியும் தீராத முகப்பு விளக்குக் கோளாறு: புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: காரின் முகப்பு விளக்குப் பல்புகள் அடிக்கடி எரிந்துபோவது – மின்னேற்ற அமைப்பைச் சோதித்துச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் காரை நான் வாங்கியபின், கடந்த 14 மாதங்களில் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 3 என மொத்தம் 7 முகப்பு விளக்குப் பல்புகள் எரிந்துபோயின. ஒவ்வொரு முறையும் உங்கள் சேவை மையத்தார் புதுப் பல்பைப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்களே தவிர, பல்பு ஏன் போகிறது என்று ஒரு முறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. பல்பு தேய்மானப் பொருள், அதற்கு உத்தரவாதம் கிடையாது என்கிறார்கள். அது சரிதான். ஆனால் பல்புகளைத் தின்றுகொண்டிருக்கும் கோளாறு தேய்மானப் பொருள் ஆகாது. நான் முறையிடுவது அந்தக் கோளாற்றைப் பற்றியே.

கேட்டபோதெல்லாம் எனக்கு ஒவ்வொரு காரணம் சொல்லப்பட்டது. பல்பின் கண்ணாடியை நான் விரலால் தொட்டிருப்பேன் என்றார்கள். ஆலசன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியில் கைப்பிசுக்கு பட்டால் அந்த இடம் மட்டும் மிகையாகச் சூடேறிக் கொப்பளிக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஏழு பல்புகளையும் மாட்டியவர்கள் உங்கள் பணியாளர்கள், நான் கேட்டு வாங்கி வைத்திருக்கும் 4 பழைய பல்புகளில் ஒன்றில்கூடக் கொப்பளம் இல்லை. காற்றோ ஈரமோ உள்ளே புகுந்திருந்தால் கண்ணாடியின் உட்புறம் வெண்மையாகப் பூத்திருக்கும். அதுவும் இல்லை, இழை தொய்ந்து அறுந்து, கண்ணாடி கருமை படிந்திருக்கிறது. அடுத்து, எர்த் இணைப்பு தளர்ந்திருக்கலாம் என்றார்கள். எர்த் சரியில்லை என்றால் விளக்கு மங்கும். என் காரின் விளக்குகளோ, எதிரில் வருபவர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டும் அளவுக்குப் பிரகாசமாக எரிகின்றன.

ஒரே பக்கத்துப் பல்பு திரும்பத் திரும்பப் போனால் அந்தப் பக்கத்து ஹோல்டரையோ கனெக்டரையோ சந்தேகிக்கலாம். இரு பக்கமும் மாறி மாறிப் போகும்போது, இரண்டுக்கும் பொதுவாக வரும் மின்னழுத்தத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? அனுபவமுள்ள வாகன மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு நானே அதைப் பார்த்தேன். அரைமணி நேரம் ஓட்டி எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2000 முறை சுழலும் வேகத்தில், பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 15.3 வோல்ட் காட்டியது. விளக்கு எரியும்போது பல்பின் கனெக்டரில் 14.9 வோல்ட் இருந்தது. வழக்கமாகப் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பதே முறை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு என்பதால்தான் சூடேறிய பிறகு அளந்தோம்.

உங்கள் கையேடு குறிப்பிடும் 60/55 வாட் எச்-4 வகைப் பல்பே பொருத்தப்பட்டுள்ளது. இவ்வகைப் பல்புகளின் ஆயுள் 13.2 வோல்ட்டில் கணக்கிடப்படுகிறது. மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இங்கே பல்புக்கு வரும் 14.9 வோல்ட், அதைவிட ஏறக்குறைய 13 விழுக்காடு கூடுதல். கணக்குப்படி, புதுப் பல்பு தன் இயல்பான ஆயுளில் நான்கில் ஒரு பங்குகூடத் தாங்காது.

இதற்கான தடயம், செய்த வேலைகளை நீங்கள் குறித்துத் தரும் ஜாப் கார்டுகளிலேயே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். பேட்டரியில் வாலை நீர் (டிஸ்டில்டு வாட்டர்) குறைந்து மீண்டும் நிரப்பியதாக மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். மிகை மின்னேற்றத்தால் பேட்டரி நீர் வற்றுவதையும் பல்பு எரிவதையும் ஒரே தாளில் எழுதியவர், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சென்ற மாதம் ஓர் இரவில் இரு பக்கத்துத் தாழ்கதிர்களும் (லோ பீம்) பத்து நிமிட இடைவெளியில் அணைந்துவிட, ஓரமாக நிறுத்தி உதவிக்குக் காத்திருக்க நேர்ந்தது. இனியும் பல்பு மாற்றிச் சமாளிக்க நான் உடன்பட மாட்டேன்.

எனவே, என் முன்னிலையில் பேட்டரியிலும் விளக்கு கனெக்டரிலும் மின்னழுத்தத்தை அளந்து, அளவுகளை ஜாப் கார்டில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதா, அல்லது மின்னழுத்தத்தை அதற்கு உணர்த்தும் கம்பியின் இணைப்பில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பிரித்துக் கண்டறிய வேண்டும். பின்னதாக இருந்தால், ஆல்டர்னேட்டரையே மாற்றினாலும் பழைய கதைதான். இந்தப் பழுதை உத்தரவாதத்தின் கீழ்ச் சரிசெய்து, 7 பல்புகளுக்கும் கூலிக்கும் நான் செலுத்திய தொகையைத் திருப்பித் தந்து, மிகை மின்னேற்றத்தால் பேட்டரி கெட்டிருந்தால் அதையும் மாற்றித் தர வேண்டுகிறேன். சோதனைக்கு உரிய நாளை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பழைய பல்புகள் நான்கையும் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்

இணைப்பு: ஜாப் கார்டுகள், பணம் செலுத்திய ரசீதுகள், மல்டிமீட்டர் அளவுகளின் படங்கள்.