பாலத்தைக் காணோம்

ஸ்டெர்லிங், ஸ்காட்லாந்து
டிசம்பர் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி இப்போது பரவாயில்லையா? இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது, குளிர்தான் இன்னும் பழகவில்லை.

‘பிரேவ்ஹார்ட்’ படத்தில் வருவதெல்லாம் நிஜமா என்று போனில் கேட்டீர்கள். நின்றபடி சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால்தான் எழுதுகிறேன். படத்தின் நாயகன் வில்லியம் வாலஸும் ஸ்காட்லாந்துக்காரர்களும் 1297 செப்டம்பரில் இங்கிலாந்துப் படையோடு சண்டை போட்ட இடத்துக்கு என் அறையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அண்ணா, அந்தச் சண்டைக்குப் பெயரே ஸ்டெர்லிங் பாலப் போர். படத்திலோ பாலமே கிடையாது! வெட்டவெளியில் இரண்டு படையும் மோதிக்கொள்கின்றன. அன்றைக்கு ஃபோர்த் ஆற்றின் மேல் ஒடுக்கமான மரப்பாலம் ஒன்று இருந்தது. இரண்டு குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் போகலாம், அவ்வளவுதான். வாலஸின் ஆட்கள் எதிர்க்கரைக் குன்றில் காத்திருந்தார்கள். இங்கிலாந்துப் படையில் ஒரு பகுதி கடந்து வரும்வரை பொறுத்திருந்து, சட்டென்று இறங்கிப் பாலத்தின் வாயை அடைத்துவிட்டார்கள். வந்தவர்கள் திரும்ப முடியவில்லை, அக்கரையில் நின்றவர்கள் உதவிக்கு வர முடியவில்லை. சுற்றிலும் ஆறு வளைந்து ஓடுகிறது. இப்போது இருப்பது பிற்காலத்துக் கல்பாலம். அதில் நின்று அந்த வளைவைப் பார்த்தாலே எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று விளங்கிவிடும்.

படத்தில் இங்கிலாந்து இளவரசரின் மனைவியாக வரும் இசபெல்லாவோடு வாலஸுக்கு வரும் காதலைக்கூட விட்டுவிடலாம். வாலஸைக் கொன்ற 1305-இல் அவள் பிரான்சில் இருந்த சிறுமி. சரி, படத்துக்கு ஒரு காதல் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் ஆண்ட்ரூ மோரேயை விட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாலஸுக்குச் சமமாக நின்று அந்தப் படையை நடத்தியவர் அவர். சண்டைக்குப் பிறகு அதே ஆண்டில் இறந்தும் போனார். படத்தில் அவர் பெயர்கூட இல்லை. எங்கள் இல்லத்தில் ஒரு பழைய வரலாற்று வாத்தியார் இருக்கிறார். மோரே பேச்சை எடுத்தால் போதும், போர்வையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

படம் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஐந்து ஆஸ்கர் வாங்கிய படம், கடைசிக் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது. கற்பனை கூடாது என்பதும் என் வாதம் இல்லை. ஆனால் பொறுமையாலும் புத்தியாலும் ஜெயித்தவர்களை வெறும் ஆவேசத்தால் ஜெயித்ததாகக் காட்டிவிட்டார்களே! நடந்ததே இவ்வளவு நல்ல காட்சியாக இருக்கும்போது, அதைவிடச் சாதாரணமான ஒன்றை ஏன் எடுக்க வேண்டும்?

வெயில் காலத்தில் அண்ணியோடு வாருங்கள். குன்றின் மேல் வாலஸ் நினைவுக் கோபுரம் இருக்கிறது, 246 படி. உச்சியில் நின்று ஆற்றையும் பாலத்தையும் காட்டி முழுச் சண்டையையும் சொல்கிறேன்.

இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன். வந்ததும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி