உன் பைலட் வாட்ச் பற்றி

கொழிஞ்சாம்பாறை,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வாட்சப்பில் அனுப்பிய படங்களையும் பார்த்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆழியாற்றுத் தண்ணீர் இந்தத் தடவை பிந்தித்தான் வந்தது. தென்னைக்கு வெள்ளை ஈ வேறு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலைப் போட்டு அடிக்கிறது, எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

சரி, நீ வாங்கப் பார்க்கிற அந்தப் பழைய எச்.எம்.டி பைலட் வாட்ச். "பழைய ஸ்டாக், யாரும் கட்டாதது" என்கிறார் விற்கிறவர். ஆனால் டயல் மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி மின்னுகிறது, பின்மூடி முழுக்கக் கீறல், வார் மாட்டுகிற காதுகளின் விளிம்பெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. உடம்புக்கு அறுபது வயசு, முகத்துக்கு இருபதா? எனக்குச் சந்தேகம்தான்.

1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியதும், 2016-ல் அந்தப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்ததும் உனக்குத் தெரியும். இனிமேல் வராது என்றதும் ஆசைப்படுகிறவர்கள் கூடிவிட்டார்கள். தேய்ந்த டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்து, கிடைத்த முள்ளை மாட்டி விற்கிற வேலை முன்பே உண்டு. சேகரிப்பவர்கள் கிண்டலாக 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார். நிமிடக் கோடுகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா? எழுத்தின் ஓரம் மை ஊறிய மாதிரி தடித்திருக்கிறதா? இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால், டயலில் உள்ளதும் முள்ளில் உள்ளதும் ஏறக்குறைய ஒரே மாதிரி பழுத்திருக்க வேண்டும். எண்கள் பழுப்பாகவும் முள் வெள்ளை வெளேரென்றும் இருந்தால் முள் பின்னால் வந்தது. கொஞ்சம் மங்கிய, புள்ளி விழுந்த அசல் டயலுக்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன்.

இதெல்லாம் ஏமாந்து கற்றதுதான். போன வருஷம் ஆரஞ்சு டயல் போட்ட ஜப்பான் சீக்கோ 5 வாட்ச் ஒன்றை, படத்தில் மயங்கி, 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். சீக்கோவில் பின்மூடியில் இருக்கிற மாடல் எண்ணின் முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண். டயலின் கீழ்விளிம்பிலும், 6 மணிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் பெரும்பாலும் அதே எண் இருக்கும். என்னுடையதில் அந்தப் பொடி எழுத்தே இல்லை. வேலந்தாவளத்து ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்தார். மூடியில் 6309, உள்ளே ஓடுகிறது 7009! கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே, "மூணு வீட்டுச் சாமானை ஒரே வண்டியில ஏத்தி இருக்காங்க" என்றார். திருப்பி அனுப்பலாம் என்றால் விற்றவர் பதிலே சொல்லவில்லை. மேஜை டிராயரில் கிடக்கிறது. என் மகள் மட்டும் அழகாக இருக்கிறது என்கிறாள்.

அதனால் மூடியைத் திறந்து மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல். தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடு. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் கத்துக்குட்டி கை வைத்திருக்கிறது. சாவித் தண்டு நுழைகிற இடத்தில் துரு தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நொடி முள் ஓடுகிற வீடியோவை நம்பாதே, எண்ணெய் காய்ந்த மெஷினும் பத்து நிமிஷம் ஓடும். ராத்திரி முழுச் சாவி கொடுத்து, மறுநாள் அதே நேரத்தில் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று கேள். கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று தெரியாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசு.

கண்ணாடிக் கீறலுக்குக் கவலைப்படாதே, அந்தக் காலத்து அக்ரிலிக்தானே, பற்பசை தடவித் தேய்த்தால் பாதி போய்விடும். பாலிஷ் போட்டுத் தேய்த்த உலோக விளிம்புதான் திரும்ப வராது.

அப்புறம் விலை. ஆளாளுக்குப் போட்டிருக்கிற விலையைப் பார்த்து மிரளாதே, கேட்பதற்குக் காசா பணமா? விற்றுப்போனவை எந்த விலைக்குப் போயின என்று தேடிப் பார்.

சித்தூர் கல்லூரியில் நீ கட்டியிருந்தாயே, உன் அப்பாவின் எச்.எம்.டி ஜனதா வாட்ச், அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் அடுத்த மாதம் வரும்போது எடுத்து வா, வேலந்தாவளத்தில் கொடுத்து ஓட வைப்போம். கம்பத்துத் திராட்சையை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்