கழற்றிய பாகங்களும் இணைய ஏலமும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. அவசரத்தில் நாலு வரி எழுதி அனுப்ப மனமில்லாமல் வைத்திருந்தேன். மகள் வேலைக்குச் சேர்ந்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சின்ன வயதில் எதைக் கையில் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்கிற பிள்ளையாயிற்றே, இயந்திரங்கள் பக்கம் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

அப்புறம், உன் பழைய கார் விஷயம். எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகி நின்றுவிட்டது, எடைக்குப் போடச் சொல்கிறார்கள், எனக்கோ மனசு வரவில்லை, பாகம் பாகமாகக் கழற்றி இணைய ஏலத்தில் விட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். கழற்று, கட்டாயம் கழற்று. நன்றாக ஓடுகிற ஸ்டார்ட்டர் மோட்டாரும் கீறல் விழாத கதவும் நசுக்கப்பட்டு இரும்போடு இரும்பாகப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஆனால் ஏலத்தில் விடாதே. பழைய பாகங்கள் விற்கிறவன் என்ற முறையில் ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேருக்காவது ஒரு பொருள் வேண்டும் என்றால்தான் அது ஏலம். பழைய கார் பாகத்துக்கு அந்த இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை. ஒருவருடைய வண்டியில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் இன்றைக்குப் போய்விட்டது என்று வை. அவருக்கு நாளைக்கே வேறு வேண்டும். வண்டி மெக்கானிக்கிடம் நிற்கிறது, வேலைக்குப் போக வழியில்லை. ஏழு நாள் ஏலம் முடியட்டும் என்று அவர் காத்திருக்க மாட்டார், பக்கத்திலேயே நிலையான விலை போட்டிருக்கிற வேறொருவரிடம் வாங்கிவிடுவார். காத்திருக்கக்கூடியவர் யார்? மலிவாக வாங்கி மறுபடி விற்கிற வியாபாரி. அவர் மட்டும் ஏலம் கேட்டால் நீ போட்ட ஆரம்ப விலைதான் கடைசி விலை. அடுத்த வாரம் அதே பாகத்தை அவர் மூன்று மடங்கு விலைக்குப் போட்டிருப்பார், அதுவும் விற்கும். நான் பல தடவை கண்ணால் பார்த்தது இது. வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. தேவைப்படுகிறவர் வரும்வரை பொருளை வைத்துக் காத்திருக்கிறார், அதற்கான கூலி அது.

ஈபே என்ற இணைய ஏலத் தளம் 1995-இல் தொடங்கியபோது அங்கே முதலில் விற்றதாகச் சொல்லப்படும் பொருள் ஓர் உடைந்த லேசர் பாயிண்டர். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று நிறுவனர் பியர் ஒமிடியார் விசாரித்தாராம். உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம் வாங்கியவர். ஏலத்துக்கு ஏற்ற ஆள் அவர். ஆசைக்காகத் தேடுகிறவர் காத்திருப்பார், போட்டி போடுவார், கொஞ்சம் கூடுதலாகவும் கொடுப்பார். கார் பாகம் தேடி வருகிறவருக்கு அந்த ஆசை கிடையாது, அவசரம்தான் உண்டு.

கடைசி நொடியில் வந்து ஏலம் கேட்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆள் நின்று நடத்துகிற ஏலத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று இழுப்பார்கள், அதற்குள் யாராவது கை தூக்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடிகாரம் வைத்து முடிக்கிற இணைய ஏலத்தில் அந்த மூன்றாம் தரம் கிடையாது. நொடி முள் நின்றால் முடிந்தது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வாரம் முழுக்க வாயே திறக்காமல் இருந்து கடைசிச் சில நொடிகளில் தொகையைப் போடுகிறார்கள். ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2002-இல் கட்டுரை எழுதினார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாகத் தள்ளிப்போகும், ஈபேயில் தள்ளிப்போகாது. கடைசி நொடிக் கேட்பு ஈபேயில்தான் அதிகம் என்று கண்டார்கள். விற்பவன் நிலையிலிருந்து பார், வாரம் முழுக்க எத்தனையோ பேர் 'கவனிக்கிறார்கள்' என்று தளம் காட்டும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். பாகம் போகுமா போகாதா என்று கடைசி நிமிடம்வரை உனக்குத் தெரியாது.

இதெல்லாம் விலையைப் பற்றியது. என்னை உண்மையில் களைப்படைய வைப்பது வேறு: பாகம் வண்டிக்குப் பொருந்துமா என்ற கேள்வி. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே எஞ்சின் என்பதால் ஒரே ஆல்டர்னேட்டர் என்று நினைத்துவிடாதே. ஆம்பியர் மாறும், பெல்ட் ஓடுகிற புல்லியில் வரிப்பள்ளங்களின் எண்ணிக்கை மாறும், கனெக்டரில் பின்கள் இரண்டா மூன்றா என்பது மாறும். ஆண்டு நடுவில் நிறுவனம் வடிவத்தைத் திருத்தியிருக்கும். பார்ட் நம்பரின் கடைசி எழுத்து ஒன்று மாறியிருக்கும், பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண் வந்திருக்கும். ஹெட்லைட் என்றால் இடதா வலதா என்பதோடு தீராது. சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுகிற நாட்டுக்குச் செய்தது என்பதைப் பொறுத்து ஒளி சாய்கிற பக்கமே மாறும். எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற மின்னணுப் பெட்டியான ஈசியூ இன்னும் மோசம். திருட்டுத் தடுப்புக்காக அது சாவியோடு இணைக்கப்பட்டிருக்கும், வேறு வண்டிக்கு மாற்றினால் மறுபடி நிரல் ஏற்றாமல் பல வண்டிகள் கிளம்பவே கிளம்பாது. வாங்கியவரோ 'நீங்கள் அனுப்பியது செத்த பெட்டி' என்று எழுதுவார்.

பார்ட் நம்பரைப் பெரிதாகப் போடு, லேபிளை நெருங்கிப் படம் எடு, வாங்கும் முன் சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்கச் சொல் என்று யாரிடமும் சொல்வேன். சேஸிஸ் எண் என்பது வண்டியின் அடையாள எண்தான். 1981-க்குப் பிறகு பரவலாக வந்த 17 இலக்க வாகன அடையாள எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது. 1, 0 என்ற இலக்கங்களோடு குழம்பக்கூடாது என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு கவனமாகச் செய்து வைத்த எண்ணை விட்டுவிட்டு 'நீல நிற வண்டி, நாலு கதவு, பொருந்துமா?' என்று கேட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்லோரும் மெக்கானிக் இல்லை. பதில் எழுதுகிறேன், எண் எங்கே இருக்கும் என்று சொல்லித் தருகிறேன். ஏலக் கடிகாரம்தான் அந்த உரையாடலுக்கு நேரம் தருவதில்லை. என் பதில் வருமுன் ஏலம் கேட்டுவிடுகிறார்கள், பாகம் வந்த பிறகு பொருந்தவில்லை என்கிறார்கள்.

திருப்பி அனுப்புவதில் ஒரு கொடுமை உண்டு. நான் விற்ற நல்ல பாகத்தைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து கழற்றிய கெட்ட பாகத்தை அதே பெட்டியில் போட்டு 'விவரித்தபடி இல்லை' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பேர்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் பேரால் மனசு கசந்துபோகிறது. புற ஊதா விளக்கில் மட்டும் தெரிகிற மையால் ஒவ்வொரு பாகத்திலும் குறி வைத்து, அதையும் படம் எடுத்து வைக்கிறேன். ஏலத்தில் வென்றுவிட்டுப் பணமே கட்டாமல் மறைகிறவர்களும் உண்டு. விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது என்று ஈபே 2008-இல் விதி செய்தது. நான் விற்கும் இடத்திலும் அதே ஏற்பாடுதான். காரணம் புரிகிறது. அதற்கு முன்பு, நேர்மையாகக் குறை எழுதிய வாங்குபவர்களை விற்பவர்கள் பழிவாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பணம் கட்டாதவரிடம் ஒரு வாரம் இழந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு மறுபடி பட்டியலிடுவது எளிதல்ல.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பழைய கார் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்தார். நல்லது எது கெட்டது எது என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் தருவான். அந்த விலைக்குக் கட்டாது என்று நல்ல பொருள் வைத்திருப்பவன் சந்தையை விட்டுப் போவான், கெட்டவை மிஞ்சும். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது, பின்னால் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. ஏலத்தில் என் பாகம் அடிமாட்டு விலைக்குப் போகும்போது எனக்கு விளங்குவது இதுதான். வாங்குபவர் என் பாகத்துக்கு விலை போடவில்லை, தன் பயத்துக்குத் தள்ளுபடி கேட்கிறார். அந்தப் பயத்தைக் குறைப்பதுதான் நம் வேலை. பெஞ்சில் வைத்து ஓட்டி, வோல்ட் மீட்டர் காட்டுகிற எண்ணோடு சின்ன வீடியோ எடு. எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியிலிருந்து கழற்றியது என்று எழுது. கீறலை மறைக்காதே, அதைத்தான் முதல் படமாகப் போடு. அப்படிப் போட்ட பாகங்கள் நிலையான விலையில் வைத்தாலும் பேரம் அதிகமில்லாமல் போகின்றன.

அஞ்சல் செலவை முன்னாலேயே கணக்குப் போடு. பம்பர் நாலைந்து கிலோதான் இருக்கும், ஆனால் கூரியர்காரர்கள் அளவையும் எடையாக்குவார்கள். நீளம், அகலம், உயரத்தை செண்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 170 நீளம், 50 அகலம், 40 உயரம் என்றால் 68 கிலோவுக்குக் கட்டணம். பம்பரை நேரில் வந்து எடுத்துப்போகிறவருக்கு மட்டும் கொடு. கியர்பாக்ஸில் எண்ணெயை முழுக்க வடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஏர்பேக்கைத் தொடவே தொடாதே. உள்ளே வெடிக்கிற வேதிப்பொருள் இருக்கிறது, ஆபத்தான சரக்கு என்ற வகையில் வருகிறது, பயிற்சி இல்லாதவன் கழற்றவே கூடாது.

ஏலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தயாரிப்பு நின்றுபோன பழைய மாடலின் முன் கிரில், ஒரிஜினல் வீல் கேப், உடையாத டேஷ்போர்டு கடிகாரம் இவற்றையெல்லாம் தாராளமாக ஏலத்தில் விடலாம். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பார்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உன் காரில் அந்த மர வேலைப்பாடு செய்த ஸ்டீயரிங் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதை ஏலத்தில் விடு, மற்றதற்கெல்லாம் நிலையான விலை போட்டுப் பொறுமையாக இரு.

கழற்றத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடு. ஒவ்வொரு கனெக்டரையும் பிரிக்குமுன் ஒரு படம் எடு. வயரை வெட்டாதே, கனெக்டர் இல்லாத பாகத்தை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஈசியூ மூன்றின் லேபிள் படங்களையும் சேஸிஸ் எண்ணையும் எனக்கு அனுப்பு. எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்று பார்த்து விவரம் எழுதித் தருகிறேன். மகள் விடுமுறையில் வரும்போது வேலையைத் தொடங்கினால் அவளுக்கும் பிடிக்கும், முட்டியை மடக்கி நீ வண்டிக்கு அடியில் போகவும் வேண்டாம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்